ஒரே ராத்திரியில் கால் மாறுமா?

ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். திருச்செந்தூர் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் பிரியும் ஓர் ஊர். கோயில் கொடை முடிந்த மறுநாள் என்பதால் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு மின்னொளி கபடிப் போட்டி. காலிறுதி ஆட்டம். ஆறு புள்ளி முன்னிலையில் இருந்த அணியின் வலது கார்னர் பையனுக்கு ஒரு பிடியில் தோள் இறங்கிவிட்டது. பனியனைக் கிழித்துக் கையைத் தூக்கிக் கட்டி, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள்.

வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரன் ஒரே ஒருவன். அவனும் இடது பக்கம் மட்டும் நின்று பழகியவன். அதுவரை இடது கார்னரில் நின்று, பாடி வந்த நாலு ரெய்டரை மடக்கியிருந்த பையனைப் பயிற்சியாளர் கூப்பிட்டார். “ரெண்டும் கார்னர்தானல, போய் அந்தப் பக்கம் நில்லு” என்றார்.

நின்றான். முதல் ரெய்டிலேயே காலுக்குத் தாவினான், கிடைக்கவில்லை, அவுட். திரும்ப உள்ளே வந்ததும் மறுபடி தாவினான். கணுக்கால் கைக்குள் வந்து நழுவியது. மூன்றாம் முறை தாவவே இல்லை. ரெய்டர் அவன் முன்னால் வந்து போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துப் புள்ளி எடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. “இம்புட்டு நேரம் நல்லாத்தான புடிச்சான், அவனுக்கு என்னாச்சு?” என்று என் பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் உடம்பிடம் யாரோ திடீரென்று வேறு மொழியில் பேசச் சொன்னார்கள், அவ்வளவுதான். நல்ல பிடிகாரனை எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிடிப்பானா? இந்தக் கேள்வி நம் ஊர்க் களங்களில் வாரம் ஒரு முறையாவது எழுகிறது. பெரும்பாலும் தவறாகவே பதில் சொல்லப்படுகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏழு பேர், ஏழு பாடம்

கபடி தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு அணிக்குப் பாதி, அதாவது ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு, அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. உள்ளே ஏழு பேர். இரண்டு ஓரங்களிலும் கார்னர்கள், அவர்களை ஒட்டி ‘இன்’ ஆட்டக்காரர்கள், அடுத்து இரண்டு கவர், நடுவில் ஒரு சென்டர். ரெய்டர்கள் பெரும்பாலும் ‘இன்’னிலும் சென்டரிலும் நிற்பார்கள். பிடி வேலையின் பாரம் இரண்டு கார்னர், இரண்டு கவர் ஆகிய நாலு பேர் தலையில்.

கார்னர் காலைப் பிடிக்கிறவன். ரெய்டர் போனஸுக்காகவோ தொடுவதற்காகவோ காலை நீட்டும் அந்தக் கண்ணிமைப்பில் தரையோடு தரையாகப் பாய்ந்து கணுக்காலையோ தொடையையோ கட்டிக்கொள்ள வேண்டும். கவர் நின்றபடி மோதித் தள்ளுகிறவன், வழியை அடைக்கிறவன். கார்னருக்குப் பொறுமை வேண்டும், கவருக்குப் பாரமும் வேகமும் வேண்டும்.

இப்போது இடது கார்னரை மட்டும் பாருங்கள். அவனுக்கு இடப்பக்கம் கோடு. ஆட்டம் முழுக்க அவனுக்கு வலப்பக்கம்தான் நடக்கிறது. அவன் பாய்ச்சல் எப்போதும் வலது நோக்கி. அதற்கு உந்துகிற கால் இடது கால். முதலில் போய்ச் சேருகிற கை வலது கை. விழும்போது தரையில் படுகிற தோளும் பழகிய தோள். பக்கத்தில் நிற்கிற ‘இன்’ ஆட்டக்காரனின் கையைக் கோத்திருப்பதும் வலது கையால். வலது கார்னருக்கு இதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழ்.

பெயர் ஒன்று, வேலை ஒன்று. ஆனால் கால், கை, கண், தோள் நாலும் வேறு. உப்பளத்தில் உப்பு வாருகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். எந்தக் கால் முன்னே, எந்தக் கை மேலே என்பது அவருக்கு வருடக்கணக்கில் உடம்பில் ஏறிய கணக்கு. கையை மாற்றிப் பிடிக்கச் சொன்னால் அவர் வாருவார்தான்; ஆனால் சாயங்காலம் குவியல் பாதியாக இருக்கும், இடுப்பு ரெண்டாக இருக்கும்.

எனக்கு இது சொந்த அனுபவம். ப்ளஸ் ஒன் படிக்கும்போது பள்ளி அணியில் நான் இடது கார்னர். மண்டலப் போட்டிக்கு முதல்நாள் என்னை வலது பக்கம் மாற்றினார்கள். மறுநாள் நான் பிடித்தது பூஜ்யம். முட்டி வீங்கி மூன்று வாரம் நொண்டினேன். அதைவிட வலித்தது வேறு: எனக்குக் கபடியே வராது என்று அன்றைக்கு நானே நம்பிவிட்டேன். திரும்பக் களத்தில் இறங்கவே இல்லை. அந்தக் கொடை ராத்திரியில் தாவாமல் நின்ற பையனின் முகத்தில் நான் பார்த்தது அந்த நம்பிக்கையைத்தான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்

அமெரிக்கக் கால்பந்தில் இதே கேள்வியைக் கோடிக்கணக்கான டாலரை வைத்துக் கேட்கிறார்கள். அங்கே பந்தை எறிகிற ஆட்டக்காரனுக்கு முன்னால் ஐந்து மலைகள் வரிசையாக நிற்கும். நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், இரண்டு ஓரங்களிலும் டாக்கிள்கள். எதிராளிகள் பாய்ந்து வந்து எறிகிறவனைச் சாய்க்காமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. பந்து அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். வலது கையால் எறிகிறவன் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது அவன் முதுகு இடப்பக்கம் இருக்கும். கண் தெரியாத அந்தப் பக்கத்தைக் காக்கிற இடது டாக்கிளுக்கு அதனால் தனி மதிப்பு, தனிச் சம்பளம். இடது டாக்கிளும் வலது டாக்கிளும் நம் இரண்டு கார்னர்களைப் போலத்தான். ஒருவன் இடது காலைப் பின்னால் வைத்து நிற்பான், மற்றவன் வலது காலை.

அங்கே மாறியவர்கள் உண்டா? உண்டு. டாம்பா பே அணியின் ட்ரிஸ்டன் விர்ஃப்ஸ் 2020-ல் வந்து வலது டாக்கிளாக நின்றார். 2021-ல் அந்த இடத்துக்கு நாட்டின் தலைசிறந்தவர் என்று தேர்வானார். 2023-ல் அவரை இடப்பக்கம் மாற்றினார்கள். 2024-ல் இடது டாக்கிளாகவும் அதேபோலத் தலைசிறந்தவர் என்று தேர்வானார். புரூஸ் மேத்யூஸ் என்பவர் 1983 முதல் 2001 வரை 19 சீசன், 296 ஆட்டம் ஆடியவர். வரிசையின் ஐந்து இடங்களிலும் நின்றிருக்கிறார்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவரை 2018-ல் பிலடெல்பியா அணி எடுத்தது. 2018-ல் ஆடவில்லை, 2019-லும் ஆடவில்லை. காயங்களும் இருந்தன, கற்க வேண்டியதும் மலையளவு இருந்தது. 2020-ல்தான் களமிறங்கினார். அதே அணியின் இடது டாக்கிளாக 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை வென்றார். இடம் மாறுவதற்கே அங்கே ஒரு முழுக் கோடை பயிற்சி கொடுக்கிறார்கள். ஆட்டமே மாறியவருக்கு இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். நம் பையனுக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கியிலிருந்து சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். (நம் தூத்துக்குடி மாவட்டம் இந்த விஷயத்தில் விநோதமானது. கடலோரப் பரதவர் ஊர்களில் கால்பந்துக்கு மவுசு, தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில் கபடி, கரிசல் பக்கம் போனால் ஹாக்கி.) 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே இந்தியாவின் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். நடுக்கள வீரரான மன்பிரீத் சிங் தற்காப்புக்கு இறங்கினார். 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம். பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். ஆனால் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் அதற்கு முந்தைய ஆண்டிலேயே மன்பிரீத்தைத் தற்காப்பில் ஆடவைத்துப் பழக்கியிருந்தார். அன்றைய 40 நிமிடத்துக்குப் பின்னால் ஓராண்டு இருந்தது.

கயிறு பிடிக்கிற மச்சான்

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கிய பிறகு நம் ஆட்டத்திலும் இதைக் கண்ணாரப் பார்க்க முடிகிறது. சுரேந்தர் நாடா இடது கார்னர், மோஹித் சில்லர் வலது கார்னர். இந்த ஜோடி 2015-ல் யு மும்பாவோடு கோப்பை வென்றது. பிறகு பெங்களூரு, பிறகு ஹரியானா. அணி மாறினார்கள், சட்டை மாறியது. பக்கம் மட்டும் மாறவில்லை. ஏலத்தில் ஒருவரை எடுத்தவர்கள் மற்றவரையும் எடுக்கப் பார்த்தார்கள் என்றால், இடத்துக்கு மட்டுமல்ல, ஜோடிக்கும் விலை உண்டு என்று பொருள். ஈரானின் ஃபசல் அத்ராச்சலி லீக் வரலாற்றிலேயே அதிகப் பிடிப் புள்ளிகள் எடுத்தவர். எத்தனையோ அணிகளுக்கு ஆடிவிட்டார். எல்லாவற்றிலும் அவர் பெயர் எடுத்தது இடது கார்னரில்.

நம் தமிழ் தலைவாஸ் 2017-ல் லீக்குக்குள் வந்து பல சீசன் தடுமாறியது. 2022-ல் ஒன்பதாவது சீசனில்தான் முதல்முறையாக அரையிறுதி பார்த்தது. முதல் ஆட்டத்திலேயே நட்சத்திர ரெய்டர் பவன் ஷெராவத் காயமாகி வெளியேறிய சீசன் அது. அப்படியிருந்தும் அணி நின்றதற்கு வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா, வலது கவரில் அபிஷேக் என்று சீசன் தாண்டியும் பக்கம் மாறாமல் நின்ற பின்வரிசை ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஒருவன் கண் அசைந்தால் அடுத்தவன் கால் அசையும். அந்தப் பழக்கத்தை ஏலத்தில் வாங்க முடியாது.

இந்தக் கரையில் முத்துக் குளிப்பைப் பற்றி ஒன்று சொல்வார்கள். கடலுக்குள் மூழ்குகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருப்பானாம். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிற கயிற்றில் தொங்குகிறது என்பதால் கண் அயர மாட்டான் என்று கணக்கு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். மூழ்குவது ஒரு திறமை. கயிறு பிடிப்பது வேறு திறமை. கீழிருந்து வருகிற ஓர் இழுப்பு எதைக் கேட்கிறது என்று அறிவது மூன்றாவது. இது இருவர் சேர்ந்து பழகினால்தான் வரும். கார்னரும் அவன் பக்கத்து ‘இன்’னும் கை கோத்து நிற்பது அப்படித்தான். கார்னரை மாற்றுகிறவர் ஒருவனை மாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் இரண்டு கயிற்றை ஒரே சமயத்தில் அறுக்கிறார்.

அப்படியானால் இடம் மாறவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாறாமலே கபடி ஆட முடியாது. ஏழு பேர் நிற்கும்வரைதான் இந்த ஒழுங்கெல்லாம். மூன்று பேராகக் குறைந்துவிட்டால்? அந்த நிலையில் ஒரு பிடி விழுந்தால் சூப்பர் டாக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. இடது கார்னர் வெளியே இருந்தால் அந்த மூலையில் யாராவது நின்றுதான் ஆக வேண்டும். கவர் கார்னராகிறான், ரெய்டரும் பிடிக்க வேண்டியிருக்கிறது. தோற்கிற ஆட்டத்தைத் திருப்புவது பெரும்பாலும் இந்த மூன்று பேர்தான்.

மாறியே பெரிய ஆளானவர்களும் இருக்கிறார்கள். மஞ்சீத் சில்லர் தொடக்க சீசன்களில் பெங்களூருவுக்காக ரெய்டும் போனார், பிடியும் பிடித்தார். பின்னாட்களில் முழுக்கப் பிடிக்கிறவராகவே மாறி, 2018-லும் 2019-லும் தமிழ் தலைவாஸுக்கு ஆடி, பிறகு தபாங் டெல்லியோடு எட்டாவது சீசன் கோப்பையையும் தூக்கினார். அந்த மாற்றம் சீசன் சீசனாக, காயத்தையும் வயதையும் கணக்கில் எடுத்து நடந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோது அவருக்கு வயது 41. அந்த வயதில் ஓட்டத்தை நம்பிக் களத்தில் நிற்க முடியாது. ரெய்டர் அடுத்து என்ன செய்வான் என்று படிக்கிற கண்ணை நம்பித்தான் நிற்க முடியும். அந்தக் கண் எந்தப் பக்கம் நின்றாலும் கூடவே வரும்.

ஆகவே திறமையில் இரண்டு பாதி இருக்கிறது. கண்ணில் இருக்கிற பாதி ஒரே நாளில் இடம் மாறிவிடும். காலில் இருக்கிற பாதிக்கு மாதங்கள் வேண்டும். நான் பார்த்த அளவில் கவரிலிருந்து எதிர்க் கவருக்குப் போகிறவன் சீக்கிரம் பழகிவிடுகிறான். நின்று மோதுகிற ஆட்டம் என்பதால் உடம்பு ஒத்துழைக்கிறது. கார்னரிலிருந்து கவருக்கு வருகிறவனுக்கு எடை போதாமல் திணறல். கார்னரிலிருந்து எதிர்க் கார்னருக்குப் போவது எல்லாவற்றிலும் கடினம், அதைத்தான் எல்லாரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ரெய்டராக இருந்த பையன் கார்னருக்கு வந்தால் பல சமயம் நன்றாக ஆடுகிறான். ரெய்டரின் கால் எப்போது நீளும் என்று அவன் காலுக்குத் தெரியும்.

மணத்தி தந்த பாடம்

மணத்தி பி. கணேசன் இந்த மாவட்டத்து மண்ணில் ஆடி வளர்ந்தவர். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர். அடுத்து அர்ஜுனா விருதும் பெற்றவர். 2025-ல் மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ அவர் வாழ்க்கையிலிருந்து பிறந்த படமாக வந்தபோது, சாயங்காலக் களங்களில் சின்னப் பையன்கள் கூட்டம் சட்டென்று பெருகியதைப் பார்த்தேன். மகிழ்ச்சியான காட்சி. ஆனால் வந்த பையன்களில் பத்துக்கு எட்டுப் பேர் ரெய்டராக வேண்டும் என்றுதான் வந்தார்கள். யாரையாவது பிடித்துக் கார்னரில் நிறுத்த வேண்டியிருக்கிறது. யார் குள்ளம், யார் அமைதி, யார் எதிர்த்துப் பேசமாட்டான் என்று பார்த்து நிறுத்துகிறார்கள். ஒரு தடவை நின்றுவிட்டால் அதுவே அவன் முகவரி.

ஊர்க் களத்துக்கு ஒரு பெரும் வசதி உண்டு, நாம் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆள் குறைவு. ஒரு சிற்றூர் அணியில் பத்துப் பேர் தேறினால் அதிகம். அதனால் எல்லாரும் எல்லாம் ஆட வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையனின் உடம்பு இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. அந்த வயதில் திங்கள், புதன் இடது; செவ்வாய், வியாழன் வலது என்று நிறுத்தினால் இரண்டு காலும் உந்தப் பழகும், இரண்டு தோளும் விழப் பழகும். விரிப்புக் (மேட்) களத்துக்குப் போனபிறகு அது நடக்காது. அங்கே ஷூ, வழுக்காத தரை, 85 கிலோ எடை வரம்பு, வரிசையாக ஆட்டங்கள். அங்கே சிறப்புத் திறமைக்குத்தான் காசு. செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடும் வயதில்தான் உடம்பு கேட்கும்.

இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. நம் பக்கத்துப் பையன்களுக்குக் கபடி என்பது கோப்பை மட்டுமில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. ரயில்வே, காவல்துறை, வங்கி என்று கனவு. தேர்வுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவனுக்கும் கிடைப்பது சில ரெய்டுகள்தான். அன்றைக்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னால் நிற்கத் தெரிந்தவனுக்கு ஒரு வாய்ப்புக் கூடுதல். அதே சமயம் பழக்கமில்லாத பக்கம் நின்று தோளை இறக்கிக்கொண்டவனுக்கு அந்த ஆண்டே போய்விடும். ஏழை வீட்டுப் பையனுக்கு ஓராண்டு என்பது சில சமயம் முழு ஆட்டமும்தான். மறு ஆண்டு அவன் உப்பளத்திலோ, துறைமுகத்தில் சுமை ஏற்றுகிற இடத்திலோ இருப்பான்.

எப்படிப் பழக்குவது என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அக்கறையான பயிற்சியாளர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ரெய்டர் இல்லாமலே எதிர்ப்பக்கக் காலடி வைக்கச் சொல்கிறார்கள். பிறகு நடந்து வருகிற ரெய்டர், பிறகு அரை வேகம். கை கோக்கிற ஆளை மாற்றாமல், ஜோடியாகவே பக்கம் மாற்றுகிறார்கள்; அது மிக முக்கியம். மணல் குவித்து, பழகாத தோளில் விழப் பழக்குகிறார்கள். முதல் மாதத்தில் பிடி தவறினால் திட்டுவதில்லை. ஆட்டத்தில் இறக்கும்போதும் நல்ல முன்னிலை இருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இறக்கிப் பார்க்கிறார்கள்.

அந்தக் கொடை ராத்திரியில் வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. இடது கார்னர் இடதிலேயே நின்றிருக்கலாம். காலி மூலைக்கு ஒரு ரெய்டரை நிறுத்தி, வலது கவரை அரையடி அவன் பக்கம் நகர்த்தியிருக்கலாம். ஒரு பக்கம் பலவீனமாக இருந்திருக்கும். இரண்டு பக்கமும் உடைந்திருக்காது. தோற்றாலும் நாலு பிடி பிடித்த பையன் நாலு பிடி பிடித்தவனாகவே வீட்டுக்குப் போயிருப்பான்.

திறமையுள்ள பிடிகாரன் இடம் மாற முடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாற்றுகிறவர் அவனுக்கு ஒரு சீசனும், ஒரு ஜோடியும், தவறுவதற்கு அனுமதியும் தர வேண்டும்.

பயிற்சியாளர் அண்ணன்மார்களே, போட்டி நடத்தும் ஊர்க் கமிட்டியாரே, அடுத்த கொடைக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. உங்கள் இடது கார்னர் பையனை நாளைச் சாயங்காலம் அவன் ஜோடியோடு சேர்த்து வலப்பக்கம் நிறுத்தி, நடந்து வருகிற ரெய்டரிலிருந்து தொடங்குங்கள்.